பாஞ்சாலி பெயரில் ஒரு போன்

"சாப்ட்டியா, பாஞ்சாலி?"

போன வருடம் ஒருவன் கேட்டான். வேதியியல் துறையைப் பெருக்கித் துடைக்க வந்த மூன்று வருடத்தில் அவளிடம் அப்படிக் கேட்ட ஒரே ஆள்!

அடுத்த வாரம் அவனே ஒரு பாரத்தை நீட்டினான். எதற்கு என்று கேட்காமல் கையெழுத்துப் போட்டாள்.

அந்தப் பாரம் இப்போது இன்ஸ்பெக்டர் அன்பரசியின் கையில்!

மாடி ஆய்வகத்தில் பேராசிரியர் சந்திரமோகன் பின்மண்டை பிளந்து கிடந்தார். திங்கட்கிழமை காலை கதவைத் திறந்து அலறியவள் பாஞ்சாலிதான்.

"கொலை நடந்தது சனிக்கிழமை, பதினோரு மணி வாக்குல. லீவு நாள். அந்த நேரத்துல ஆய்வகத்து வைஃபைல ஒரே ஒரு போன்... யாரு பேர்ல தெரியுமா?"

பாஞ்சாலி தரையைப் பார்த்தாள்.

"உன் பேர்ல!"

நெட்வொர்க்கைக் கவனிக்கும் மாதேஷ் ஒரு பட்டியலை மேசையில் வைத்தான்.

"ஆமாங்க மேடம். இங்க சொந்த போன், லேப்டாப் எதுவானாலும் பாரம் குடுத்துப் பதியணும். ஆளுக்கு ரெண்டு. பதியலன்னா நெட்டு வராது. இந்த லிஸ்ட்டுல பேரு மட்டும்தான் இருக்கும்... ஆனா பொய் சொல்லாதுங்க."

"எங்கம்மா உன் போன்?"

இடுப்பிலிருந்து எடுத்து வைத்தாள். ரப்பர் பேண்ட் சுற்றிய பட்டன் போன்!

ஆராய்ச்சி மாணவன் பூவரசன் களுக்கென்று சிரித்துவிட்டான்.

"மேடம், அதுல பாம்பு வெளையாட்டுதான் ஓடும்!"

"நீ சிரிக்காதப்பா. தீசிஸ்ல கையெழுத்து போடலன்னு வியாழக்கிழமை சாரோட சண்டை போட்டவன் நீதான?"

சிரிப்பு நின்றது.

அன்பரசி பாஞ்சாலி பக்கம் திரும்பினார்.

"பெரிய போனை எங்க ஒளிச்ச? சனிக்கிழமை எங்க இருந்த?"

"வூட்லங்க..."

"கூட யாரு?"

"யாரும் இல்லீங்க."

"யாராச்சும் போன்ல கூப்ட்டாங்களா?"

"சனிக்கெழம யாரும் கூப்ட மாட்டாங்க."

"ஞாயித்துக்கெழம?"

"எந்தக் கெழமையும்ங்க..."

பெண் கான்ஸ்டபிள்கூட ஒரு கணம் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"இந்தப் பாரத்தை உங்கிட்ட நீட்டுனது யாரு? சொன்னா தப்பிப்ப. இல்லன்னா ஆயுசுக்கும் ஜெயில்தான்!"

சொல்லலாம். சொன்னால் அந்த ஒரு ஆளும் இல்லை.

"ஜீப்ல ஏத்துங்க இவளை!"

கான்ஸ்டபிளின் பிடி முழங்கையில் இறுகியது. அப்போதுதான் பாஞ்சாலி வாயைத் திறந்தாள்.

"மேடம்... என் பேர அந்த நெட்டு லிஸ்ட்டுலருந்து எடுத்துடுங்க."

"என்னது?"

"பாஸ்வேர்டு மாத்துற அன்னிக்கு நெட்டு போயிரும், எல்லாரும் போனைத் தூக்கிக்கிட்டு வராண்டாவுக்கு ஓடியாருவாங்க. இந்தக் கட்டடத்துக்குள்ள டவரே எடுக்காதுங்க. ஈரத்தரையில வழுக்கி வுழுவாங்க, நான் மாப்போட நின்னு பாப்பேன்... என் பேர எடுத்தா யாருக்கு நெட்டு போவுதோ, அவங்க போனுங்க அது."

பாரம் நீட்டியவன் பெயரை அவள் சொல்லவில்லை. போனே சொல்லட்டும்!

அன்பரசி எழுந்தார்.

"எல்லா போனும் மேசைக்கு வரட்டும்! ஒவ்வொண்ணுலயும் எதாச்சும் லைவா ஓட விடுங்க!"

மாதேஷ் பாதி எழுந்தான்.

"அது டெக்னிக்கல் வேலைங்க மேடம்... நான் போயி இவ பேர எடுத்துட்டு வந்துர்றேன்."

"நீங்க உக்காருங்க தம்பி. துறைத்தலைவருக்கும் அந்த பவர் இருக்காமே?"

துறைத்தலைவர் நிர்மலா மடிக்கணினியைத் திறந்தார். பாஞ்சாலியின் பெயரைத் தேடி... அழித்தார்.

மேசையில் மூன்று போன்கள்.

நிர்மலாவின் போனில் யாரோ விடாமல் வெங்காயம் வதக்கினார்கள்.

பூவரசன் கண்களை இறுக மூடியிருந்தான். அவன் போனில் செய்தி வாசிப்பவர் மூச்சு விடாமல் கத்தினார்.

மூன்றாவது போன்...

நின்றுவிட்டது! திரையில் ஒரு வளையம் மட்டும் சுற்றிக்கொண்டே இருந்தது.

மாதேஷின் போன்!

"சனிக்கிழமை முழுக்கப் பாலக்கோடு தக்காளி மண்டியில இருந்தேன்னு எழுதிக் குடுத்தீங்களே மாதேஷ்... போன் மட்டும் தனியா பஸ் ஏறி வந்துச்சா?"

மாதேஷ் போனைக் கவிழ்த்து வைத்தான்.

"கேள்வித்தாளைத் திருடி வித்தது சாருக்குத் தெரிஞ்சுபோச்சு... கம்ப்ளெயின்ட் குடுப்பேன்னாரு. கால்ல வுழுந்தேன், கேக்கல. கையில கம்பி கெடைச்சுது... அடிச்சுட்டேன் மேடம்!"

"திருடுனது நீ. அதுக்கு இவ பேரு எதுக்குடா?"

"கேள்வித்தாளை என் பேர்ல இருக்குற போன்ல எடுத்தா மாட்டிக்குவேன்னுதான்... இவளைத் தேடி யாரு வரப்போறாங்கன்னு நெனச்சேன்."

பாஞ்சாலி அவனை நிமிர்ந்து பார்த்தாள். அழவில்லை. பட்டன் போனை எடுத்து, ரப்பர் பேண்டைச் சரியாகச் சுற்றி, இடுப்பில் செருகிக்கொண்டாள்.

விலங்கு மாட்டினார்கள். ஜீப் கிளம்பியது. அன்பரசி அவள் தோளைத் தட்டிவிட்டுப் போனார்.

பூவரசன் பெருமூச்சு விட்டான்.

"பாஞ்சாலிக்கா! நீங்க மட்டும் வாயத் தொறக்கலன்னா அடுத்து என்னைத்தான் அள்ளியிருப்பாங்க. சாமி மாதிரிக்கா நீங்க!"

அவள் உதட்டில் மெல்லிய சிரிப்பு எட்டிப் பார்த்தது.

பூவரசன் நெருங்கி வந்து குரலைத் தாழ்த்தினான்.

"அக்கா... இப்ப உங்க பேர்ல எடம் காலியாத்தான இருக்கு? புதுசா ஒரு டேப்லெட்டு வாங்கியிருக்கேன். ஒரே ஒரு கையெழுத்துக்கா!"

பாஞ்சாலி வாளியைத் தூக்கிக்கொண்டு படியிறங்கிப் போனாள்.