மண்டியிட்ட ஒட்டகம்

காலை எட்டு மணிக்குக் கஸ்தூரி களிமண்ணை நனைத்து வைப்பாள். பினாங்கு முத்திரை நிலையத்தில் அதுதான் அவளுடைய முதல் வேலை. குரலையும் முகத்தையும் கையெழுத்தையும் இயந்திரங்கள் பிசகாமல் போலி செய்யத் தொடங்கிய பிறகு, மனிதர் தம் கையால் ஈரக் களிமண்ணில் பதிக்கும் வெண்கல முத்திரை மட்டுமே சட்டப்படி செல்லும்.

முத்திரையின் தலையில் ஒரு விலங்கு இருக்கும். பழைய சீனப் பேரரசில் உயர் அதிகாரிக்கு ஆமை, வடக்கு எல்லைத் தலைவனுக்கு ஒட்டகம் என்று கொடுத்த வழக்கத்திலிருந்து எடுத்தது. இப்போது பதினெட்டு வயதில் ஒருவரின் பதிவுகளைப் படித்து 'குணமானி' என்ற இயந்திரம் விலங்கைத் தீர்மானிக்கிறது. ஆமைக்காரர் தலையை உள்ளிழுக்கலாம். பதித்ததை ஏழு நாளுக்குள் திரும்பப் பெறலாம். ஒட்டகக்காரருக்கு அந்த உரிமை இல்லை. ஏற்றிய சுமை ஏற்றியதுதான்.

கஸ்தூரி ஒட்டகம். அவள் கணவன் தயாளன் ஆமை.

அன்று அவன் மணவிலக்குப் பத்திரத்தோடு வந்தான். மூன்றாவது முறை. முந்தைய இரண்டு முறையும் இருவரும் பதித்த பின் அவள் வீட்டைவிட்டுப் போனாள். ஆறாம் நாள் அவன் திரும்பப் பெற்றதும், பிரிக்காத பெட்டிகளோடு மறுபடி மனைவியானாள்.

"முத்திரைய நீ முதல்ல குத்து," என்றான்.

"இந்தத் தடவையும் ஆறாம் நாள் வந்து நிப்பீங்களா?"

"அத இப்பவே எப்படிச் சொல்றது? மனசுதானே லா."

"எனக்கும் அது ஒண்ணு இருக்குங்க."

"ஒட்டகத்துக்கா?" அவன் சிரித்தான். "களிமண் காயுது, கஸ்தூரி."

அவள் முத்திரையைப் பார்த்தாள். மண்டியிட்ட ஒட்டகத்தின் முதுகு அவள் கட்டைவிரல் பட்டே தேய்ந்திருந்தது. மாறாதவள் என்று கண்டுதான் இதைக் கொடுத்தார்களா, கொடுத்ததால்தான் மாறாதிருந்தாளா? எவ்வளவு யோசித்தும் பிரித்தறிய முடியவில்லை.

வாழ்நாளில் ஒருமுறை முத்திரையை உருக்கக் கொடுக்கலாம். குணமானி மறுபடி படித்துப் புதியது கொடுக்க ஓராண்டு ஆகும். அதுவரை வேலை கிடையாது, எதற்கும் சம்மதம் சொல்ல முடியாது. இதுவரை மூன்று பேர் கொடுத்ததை அவளே உலைப்பெட்டியில் போட்டிருக்கிறாள். முட்டாள்கள் என்று நினைத்துக்கொண்டே.

ஒட்டகத்தை அந்தப் பெட்டிக்குள் போட்டாள்.

"பைத்தியமா உனக்கு? ஒரு வருஷம் உன் பேச்சு எங்கயும் செல்லாது!"

"ஆமா."

"அப்ப விலக்கு வேணுமா, வேணாமா?"

"தெரியல," என்றாள்.

சொன்னதும் அவளுக்கே புதிதாக இருந்தது. இன்னொரு முறை சொல்லிப் பார்த்தாள். தயாளன் ஆமையைக் கையில் பிடித்தபடி நின்றான். திரும்பப் பெற அவனிடம் எதுவும் இல்லை. இருவருக்கும் நடுவே களிமண் தடமில்லாமல் காய்ந்துகொண்டிருந்தது.