பதினேழாவது மூடி

வரைபடத்தில் இருபத்திரண்டு சாக்கடைக்குழி மூடிகள். தெருவில் எண்ணினால் இருபத்தொன்று. பதினேழாவதைக் காணோம்.

மூன்று மாதமாக ஓவர்சியருக்கு இதே தலைவலி. பாதாளச் சாக்கடை வேலை முடிந்து, மேலே பளபளவென்று தார்ச்சாலை போட்ட நாளிலிருந்து வீடுகளுக்குள் கழிவுநீர் எதிர்த்துக்கொண்டு வந்தது. புதுச் சாலையை உடைக்க அனுமதி கேட்டார். கோப்பு மேஜை மேஜையாகத் தவழ்ந்தது. கொடுமை என்னவென்றால், அவர் குடியிருப்பதும் அதே தெருவில்தான்.

"ஊருக்கெல்லாம் சாக்கடை கட்டுற மனுஷன்! நம்ம குளியலறையில கால் வைக்க முடியல" என்று மனைவி தினமும் வறுத்தெடுத்தாள்.

அவள் திட்டைவிட வேறொன்று அவரை அரித்தது. தார் ஊற்றுமுன் ஒவ்வொரு மூடியையும் திறந்து, உள்ளே ஆளில்லை என்று பார்த்த பிறகே கையெழுத்துப் போட வேண்டும். அவர் ஜீப்பில் உட்கார்ந்தபடியே இருபத்திரண்டுக்கும் போட்டார். மறுநாள் முதல் ஒரு கூலியாள் வேலைக்கு வரவில்லை. ஓடிப்போய்விட்டான் என்றார்கள். அவரும் அதையே நம்பித் தொலைத்தார்.

ஒருவழியாக அனுமதி வந்தது. மண்டையைப் பிளக்கும் மதிய வெயிலில், மேஸ்திரியை அழைத்துக்கொண்டு கடப்பாரையால் சாலையைத் தட்டிக்கொண்டே போனார். அடியில் குழி இருந்தால் சத்தம் மாறும். அவர் வீட்டு வாசலுக்கு நேரே மாறியது.

"அப்பாடா! கிடைச்சுடுச்சு."

கீழேயிருந்து இரண்டு தட்டு.

குழியில் இறங்குகிறவர்களின் வழக்கம் அது. இரண்டு தட்டினால், மேலே ஆள் இருக்கிறானா என்று கேள்வி. மேலே இருப்பவன் ஒரு தட்டு பதில் கொடுத்துவிட்டால், கீழே உள்ளவனைத் தூக்கிவிடும்வரை இடத்தைவிட்டு நகரக் கூடாது. மூன்று தட்டினால், தூக்கு என்று அர்த்தம்.

"பதில் தட்டாதீங்க சார்." மேஸ்திரி ஓரடி பின்வாங்கினார். "மூணு மாசம் ஆச்சு."

ஓவர்சியர் தட்டவில்லை. கடப்பாரையை மெல்லக் கீழே வைத்தார்.

ஆட்கள் வந்து தாரை உடைத்து மூடியைப் புரட்டினார்கள். எல்லோரும் மூக்கைப் பொத்திக்கொண்டார்கள். ஆனால் ஈரமண் வாசனைதான் வந்தது.

குழி காலி.

மூடியின் அடிப்பக்கம் முழுக்கத் துரு. நடுவில் மட்டும், ஓர் உள்ளங்கை அகலத்துக்கு, இரும்பு தேய்ந்து பளிச்சென்றிருந்தது.

"ஓடித்தானே போனான், மேஸ்திரி?"

மேஸ்திரி குழியின் பக்கச்சுவரைக் காட்டினார். "இந்தக் குழாய் எங்க சார் போகுது?"

ஓவர்சியருக்குத் தெரியும். வரைபடம் போட்டதே அவர்தான்.

வீட்டுக்குள் ஓடினார். குளியலறைத் தரை காய்ந்திருந்தது. மூன்று மாதத்தில் முதல்முறையாக மனைவி சிரித்தாள்.

"சரிபண்ணிட்டீங்களே! குழாய்க்குள்ள ரெண்டு தட்டு கேட்டுது. நீங்கதான் சோதிச்சுப் பாக்குறீங்கன்னு நானும் ஒண்ணு தட்டினேன்."

"வா... வெளிய போயிடலாம்." அவள் கையைப் பிடித்து இழுத்தார்.

தரைக்கு அடியில், மிக அருகில், மூன்று தட்டு.

அவள் கையை விடுவித்துக்கொண்டு தண்ணீர் போகும் துளையருகே மண்டியிட்டாள். குழிவேலைக்காரர்களின் வழக்கத்தை அவர் அவளிடம் ஒருநாளும் சொன்னதில்லை.

"எப்படிங்க வர முடியும்?" என்றாள். "ஆள் இன்னும் மேல வரலையே."