கடைசி எபிசோட் அலறல்

செல்போன் அடித்தது.

பஞ்சநதம் மொபெட்டை வயலோரம் நிறுத்திவிட்டு எடுத்தார்.

மதிவாணன்! 'பம்ப்செட் பார்லிமென்ட்' டி.வி. காமெடித் தொடரின் டைரக்டர். மூன்று வருடங்களுக்கு முன் தஞ்சை ஜில்லாவையே வயிறு வலிக்கச் சிரிக்க வைத்த தொடர். ஹீரோ பஞ்சநதம்தான். ஆனால் இரண்டாவது சீசன் வரவே இல்லை.

"பஞ்சண்ணே! சேனல்ல ரெண்டாவது சீசனுக்கு ஓகே சொல்லிட்டாங்க! இந்தத் தடவை நடிக்கமாட்டேன்னு சொல்லிடாதீங்க. உங்க வீட்ல கேட்டேன், இந்த வழியாத்தான் வர்றீங்களாம். நாம ஷூட்டிங் எடுத்த ராஜராஜன் சார் களத்துலதான் நிக்கிறேன்."

"தம்பி, அங்க நிக்காதீங்க! கிளம்புங்க!"

"இருங்கண்ணே. வைக்கோல் போரைப் பிரிச்சுட்டு அலறுவீங்களே, அந்தக் கடைசி சீனை நேத்து பெரிய ஸ்க்ரீன்ல பார்த்தேன். உள்ள ஒரு கை தெரியுது! கண்ணாடி வளையல் போட்ட கை... அது நாம வச்சது இல்லையே?"

சதக்!

ஒரு முனகல்... மறுபடி சதக்!

பிறகு மூச்சிரைக்க வேறொரு குரல். "பஞ்சு... இங்க வர்ற வழியிலதான இருக்க? நில்லு, வரேன்."

ராஜராஜன்!

பஞ்சநதத்துக்கு வேட்டி நனைந்துவிட்டது. அந்தக் கை மேகலாவுடையது. சிங்கப்பூர் போய்விட்டதாக ஊர் நம்பும் ராஜராஜனின் மனைவி! அன்று அவர் அலறியது நடிப்பே அல்ல. அலறி மயங்கியவர் கண் விழித்தபோது போர் எரிந்துகொண்டிருந்தது. "வெளிய சொன்னா உன் பொண்ணு கவிப்ரியா காலேஜ்லேருந்து வீடு வந்து சேரமாட்டா" என்று காதோடு சொன்னான் பாவி. ஓயாமல் பேசும் பஞ்சநதம் அந்த ஒன்றை மட்டும் விழுங்கிவிட்டு, நடிப்புக்கும் முழுக்குப் போட்டார்.

ஊரோ அந்த அலறலை ரிங்டோனாக வைத்துக்கொண்டது!

போலீஸ் ஸ்டேஷனுக்கு போன் போட்டார்.

"ஐயா, பஞ்சநதம் பேசறேன்! கொலை! ராஜராஜன் களத்துல டைரக்டரை வெட்டிட்டான்யா!"

"சார்... பம்ப்செட் பார்லிமென்ட் பஞ்சநதமா?" கான்ஸ்டபிள் விழுந்து விழுந்து சிரித்தார். "அந்த அலறலை ஒருதடவை போடுங்க சார், ப்ளீஸ்!"

பின்னால் ஜீப்!

அடுத்த நொடி மொபெட் நொறுங்கியது. பஞ்சநதம் பறந்துபோய் நடவு வயல் சேற்றில் விழுந்தார். எழுவதற்குள் ராஜராஜன் அரிவாளோடு இறங்கிவிட்டான்.

"காப்பாத்துங்க! கொல்ல வர்றான்!"

நாற்று நட்டுக்கொண்டிருந்த பெண்கள் நிமிர்ந்தார்கள். நிமிர்ந்தவர்கள்... சிரித்தார்கள்!

"ஏய், ஷூட்டிங்டி! ரெண்டாவது சீசன்!"

வரப்பேறி நின்றார்கள். செல்போன்கள் வெளியே வந்தன. அரிவாள் தோளில் இறங்கியது. பீறிட்ட ரத்தத்தில் நாற்று முடிக்கட்டுகள் சிவந்தன.

"ஆ...!"

கைதட்டல்!

"அசல் ரத்தமாட்டமே இருக்குடி!"

ராஜராஜனுக்கு விஷயம் புரிந்துவிட்டது. வரப்பைப் பார்த்து இளித்தான். "கட் சொல்ற வரைக்கும் யாரும் கிட்ட வராதீங்கம்மா!"

அடுத்த வெட்டு தொடையில். எலும்பு வரை போனது.

பெண்களுக்கு நடுவே ஆனந்தவல்லி நின்றாள். தொடரில் அவர் மனைவியாக நடித்தவள். இரண்டாவது சீசன் இல்லையென்றதும் மறுபடி நடவுக்கே வந்துவிட்டவள். அவளும் சிரித்துக்கொண்டுதான் இருந்தாள்.

பஞ்சநதத்துக்குத் திடீரென்று உறைத்தது. கத்தக் கத்த இவர்கள் சிரிப்பார்கள்!

வாயை மூடிக்கொண்டார்.

கத்தவில்லை. முனகக்கூட இல்லை. ஆனந்தவல்லியையே பார்த்தார்.

அரிவாள் உயர்ந்தது. அவள் சிரிப்பு நின்றது. வசனம் மறந்தாலும் எதையாவது உளறிக்கொண்டே இருப்பாரே இந்த மனுஷன்... காட்சி முடிந்த பிறகும் ஓயாதே அந்த வாய்!

"அடியே! இது ஷூட்டிங் இல்லடி!"

வரப்பில் கிடந்த மண்வெட்டி அவள் கைக்கு வந்தது. பாய்ந்தாள். ஒரே வீச்சு!

அரிவாள் ஒரு பக்கம் விழுந்தது. அதைப் பிடித்திருந்த விரல்கள் இன்னொரு பக்கம்!

ராஜராஜன் அலறினான். இந்தமுறை யாரும் சிரிக்கவில்லை.

சைரன் கேட்டது. சப் இன்ஸ்பெக்டர் பர்வின் சேற்றில் இறங்கி ஓடி வந்தாள். "கான்ஸ்டபிள் உங்க போனை ஜோக்கா சொன்னாரு. எனக்குச் சிரிப்பு வரல. நேரா களத்துக்குப் போனேன்... டைரக்டர் அங்க செத்துக் கிடக்கிறார்." பெல்ட்டைக் கழற்றி அவர் தொடையை இறுக்கிக் கட்டினாள். "இவ்வளவு பேர் இருக்காங்களே, கத்தியிருக்கலாமே சார்?"

"கத்தினேன் மேடம்..." பஞ்சநதம் அழுதார். "கத்துனதுக்குத்தான் கைதட்டுனாங்க."

ஆனந்தவல்லி மண்வெட்டியை வாய்க்கால் தண்ணீரில் அலசினாள்.

"பதிமூணு எபிசோட் கரண்டியால அடிச்சும் மூடாத வாய் மேடம். மூடுறதுக்கு ஒரு கொலைகாரன் வரவேண்டியிருக்கு!"