இருபத்து நான்கு கருத்துச் சீட்டுகள்

அதைத் திரையரங்கு என்று சொன்னால் மற்ற திரையரங்குகள் கோபித்துக்கொள்ளும். இருபத்து நான்கு நாற்காலிகள், ஒரு திரை, ஒரே ஒரு கதவு. ஒரு காலத்தில் ஃபிலிம் பெட்டிகளை அடுக்கிவைத்த அறையாம். அதனால் கதவின் வெளிப்பக்கத்தில் கனமான இரும்புத் தாழ்ப்பாள் ஒன்று இன்னும் இருந்தது. உள்ளே பழைய கம்பளமும் ஏசியின் ஈரமும் கலந்து ஒரு வாடை அடிக்கும். மதியம் இரண்டு மணி வெயிலிலிருந்து அந்த இருட்டுக்குள் நுழைந்தால், கண் பழகுவதற்குள் யாராவது ஒருவரின் காலை மிதித்துவிடுவோம்.

நான் படத்தொகுப்பாளர். படத்தை இயக்கியவர் என் அண்ணன். காதல் படம்தான். மனைவியைப் பறிகொடுத்தவன், தான் ஒரு நிமிடம் முன்னால் வந்திருந்தால் அவள் பிழைத்திருப்பாள் என்று உருகி உருகிக் கடைசியில் தன்னைத் தானே மன்னித்துக்கொள்கிறான். அண்ணனின் சொந்தக் கதை. அண்ணி இறந்து நான்கு வருடம் ஆகிறது. விஷயம் ஊருக்கே தெரியும் என்பதால், பாதிப் பேர் டைட்டில் போடும்போதே கைக்குட்டையை எடுத்துவிடுவார்கள்.

தயாரிப்பாளர் விவரமானவர். வெளியிடுவதற்கு முன் மூன்று முறை வெளியாட்களைக் கூப்பிட்டுப் படம் போட்டுக் காட்டுவார். ஒவ்வொரு நாற்காலியிலும் எண் அச்சடித்த ஒரு சீட்டு இருக்கும். பார்ப்பவர்கள் பெயரும் தொலைபேசி எண்ணும் எழுதி, மனதில் பட்டதைக் கீழே எழுத வேண்டும். மூன்று பேர் ஒரே குறையைச் சொன்னால் காட்சியை மாற்றியே ஆக வேண்டும். அதில் அவரிடம் பேச்சுக்கே இடமில்லை.

முதல் காட்சி முடிந்ததும் சீட்டுகளை எடுத்துக்கொண்டு நானும் அண்ணனும் என் எடிட்டிங் அறையில் உட்கார்ந்தோம். நான் வாசித்தேன். 'அழுதுவிட்டேன்.' 'ஹீரோ தாடியை எடுத்தால் இன்னும் அழலாம்.' 'மனைவி செத்த பிறகு படம் நகரவில்லை, அவரைச் சாகாமல் செய்ய முடியுமா?' அண்ணன் சிரித்தான். பல நாள் கழித்து அவன் சிரித்ததைப் பார்த்து எனக்கும் சந்தோஷமாக இருந்தது.

ஏழாம் எண் சீட்டில் என் குரல் நின்றுவிட்டது.

'அந்த அறை உள்ளே பூட்டியிருந்தது என்பதை நம்ப முடியவில்லை. தாழ்ப்பாள் வெளியே இருந்தது.'

பதினொன்றாம் எண்ணிலும் அதே வரி. இருபதாம் எண்ணிலும் அதே வரி. மூன்றும் வேறு வேறு கையெழுத்து.

படத்தில் கதாநாயகி அறையை உள்ளே தாழிட்டுக்கொண்டு மூச்சுத் திணறி இறக்கிறாள். கதாநாயகன் கதவை உடைத்துக்கொண்டு ஓடிவருகிறான். போலீசிடம் நாங்கள் சொன்னதும் அதுதான். உண்மையில் அன்றைக்கு அண்ணனுக்கும் அண்ணிக்கும் பெரிய சண்டை. அண்ணன் அவளைப் படுக்கையறையில் விட்டு வெளியே தாழ்ப்பாள் போட்டான். அவளுக்கு ஆஸ்துமா உண்டு. மருந்து ஹாலில், மேஜை மேல் இருந்தது. திறந்து பார்த்தபோது எல்லாம் முடிந்திருந்தது. அவளே உள்ளே தாழிட்டுக்கொண்டதுபோல் காட்ட, உள்தாழ்ப்பாளை உடைக்க அண்ணன் சுத்தியல் கேட்டான். எடுத்துக் கொடுத்தவள் நான்.

"யாரோ விளையாடுறாங்க," என்றான் அண்ணன்.

"மூணு பேராண்ணா?"

"மூணு பேர் எழுதினா மாத்தணும், அவ்வளவுதானே. தாழ்ப்பாளைக் காட்டுற ஷாட்டை எடுத்துடு. பேச்சே வேணாம்."

எடுத்துவிட்டேன். திறந்த கதவு, ஓடிவரும் கணவன், அவ்வளவுதான். தாழ்ப்பாள் என்ற சொல்கூடப் படத்தில் இல்லை.

இரண்டாவது காட்சிக்குப் புது ஆட்கள். இந்த முறை ஒன்பது சீட்டுகளில் ஒரே வரி.

'தாழ்ப்பாளை வெட்டி எடுத்தது தவறு. அது இல்லாமல் அவள் எப்படிச் செத்தாள்?'

அவற்றில் நான்காம் எண் சீட்டில் இருந்த தொலைபேசி எண்ணுக்கு அழைத்தேன். ஒரு பள்ளிக்கூட டீச்சர் எடுத்தார். தாழ்ப்பாளைப் பற்றி எழுதியிருக்கிறீர்களே என்றேன்.

"தாழ்ப்பாளா? நான் பாட்டு நீளமா இருக்குன்னுதாம்மா எழுதினேன். நீங்க வேற யாரோடதையோ பார்க்கிறீங்க," என்றார் அவர்.

சீட்டைப் படம் பிடித்து அனுப்பினேன். வெகுநேரம் கழித்துப் பதில் வந்தது. 'கையெழுத்து என்னுடையதுதான். தயவுசெய்து இனிமேல் எனக்கு அழைக்க வேண்டாம்.'

அண்ணன் அதை நம்பவில்லை. அவனுக்கு என் மேல்தான் சந்தேகம் திரும்பியது. அதுவும் நியாயம்தான். உண்மை தெரிந்தவர்கள் உலகத்திலேயே இரண்டு பேர், அதில் அவன் எழுதவில்லை.

"மனசுல எதையாவது வச்சுக்கிட்டு இருக்கியா பாப்பா? இருந்தா என்கிட்ட நேரா சொல்லு. சீட்டு எழுதி அனுப்பாத."

"சத்தியமா நான் இல்லண்ணா."

"அடுத்த ஷோவுல என் பக்கத்துல உட்காரு. பார்க்கலாம்."

மூன்றாவது காட்சியில் கடைசி வரிசைக்குப் பின்னால் இரண்டு ஸ்டூல் போட்டு உட்கார்ந்தோம். அண்ணன் என் இரண்டு கைகளையும் தன் மடியில் பிடித்து வைத்துக்கொண்டான். பார்ப்பவர்களுக்குப் பாசமாகத் தெரிந்திருக்கும்.

கதாநாயகி இறக்கும் இடத்தில் இரண்டு விநாடி முழு அமைதி வைத்திருந்தேன். இசையோ காற்றின் சத்தமோ கிடையாது. அந்த இடத்தில் ஒலியே இல்லை என்று எனக்கு நிச்சயமாகத் தெரியும், நானே அழித்தது.

அந்த அமைதியில் யாரோ மூச்சை இழுத்தார்கள்.

மெல்லிய விசில் போல் உள்ளே போய், பாதியில் சிக்கி நின்றது அந்த மூச்சு.

முன்னால் இருந்த ஒரு தலையும் திரும்பவில்லை. என் கைகளைப் பிடித்திருந்த அண்ணனின் உள்ளங்கை மட்டும் சில்லென்று வியர்த்தது. அவனுக்கும் கேட்டிருக்கிறது. எங்கள் வீட்டில் எட்டு வருடம் கேட்ட மூச்சு அது. மழை நாட்களில் ராத்திரி முழுக்கக் கேட்கும்.

விளக்குப் போட்டார்கள். எல்லோரும் எழுதி வைத்துவிட்டுப் போனார்கள். வாசலில் நின்று சீட்டுகளைப் புரட்டினேன். பச்சை மையில் ஒன்று, பென்சிலில் ஒன்று, சாய்ந்த எழுத்து, குண்டு எழுத்து. இருபத்து நான்கு கைகள்.

இருபத்து நான்கிலும் ஒரே வரி.

'தங்கை எங்கே? தங்கைக்குக் கேட்டது.'

படத்தில் தங்கை என்று ஒரு பாத்திரமே கிடையாது.

"போதும்ண்ணா," என்றேன். "போய்ச் சொல்லிடலாம். என்னால முடியல."

"சொன்னா அவ திரும்பி வந்துடுவாளா? வெள்ளிக்கிழமை படம் ரிலீஸ். அதுவரைக்கும் வாயை மூடிக்கிட்டு இரு."

"நீ வராட்டி நான் தனியாப் போறேன்."

என் கைப்பை உள்ளே ஸ்டூலுக்குக் கீழே இருந்தது. எடுக்கப் போனேன். பின்னால் கதவு மூடியது. தாழ்ப்பாள் விழுந்தது.

"கொஞ்ச நேரம் இரு பாப்பா," என்றான் வெளியிலிருந்து, அமைதியாக. "கோபம் அடங்கட்டும்."

நான்கு வருடத்துக்கு முன் அண்ணியின் கதவுக்கு முன்னாலும் இதே வார்த்தைகளைத்தான் சொன்னான். வார்த்தை மாறவில்லை, குரலும் மாறவில்லை. என் அண்ணனை நினைத்து எனக்கு முதல் முறையாகப் பயம் வந்தது.

வெளியே இருந்த சுவிட்சில் விளக்கையும் அணைத்துவிட்டான். இருட்டு என்றால் சாதாரண இருட்டு இல்லை, கண்ணைத் திறந்தாலும் மூடினாலும் ஒன்றுதான். கதவைத் தட்டினேன். ஒலி வெளியே போகக் கூடாது என்று கட்டிய சுவர்கள், என் சத்தத்தை அப்படியே விழுங்கின.

அப்போது முன்வரிசையில் ஒரு நாற்காலி மடங்கி இறங்கும் சத்தம் கேட்டது.

பிறகு அடுத்த வரிசையில்.

பிறகு அதற்கும் பின்னால்.

ஆஸ்துமா மருந்தின் வாடை வந்தது. மூச்சு இழுக்கும் சத்தம் என் காதுக்கு ஒரு சாண் தள்ளி நின்றது.

"அண்ணி," என்றேன். "நான் போய்ச் சொல்லிடறேன் அண்ணி. எல்லாத்தையும் சொல்லிடறேன்."

மூச்சு நின்றது. அதற்குப் பிறகு அந்த அறையில் என் அழுகை மட்டும்தான் கேட்டது. டீ குடித்துவிட்டு வந்த, படம் ஓட்டும் ஆபரேட்டர்தான் கதவைத் திறந்தார். "என்னம்மா இது, வெளிய தாழ்ப்பாள் போட்டிருக்கு," என்றவரிடம் பதில் சொல்லக்கூட நிற்காமல் தெருவுக்கு ஓடினேன்.

அன்று மாலையே காவல் நிலையத்தில் வாக்குமூலம் கொடுத்தேன். வெளித்தாழ்ப்பாள், சுத்தியல், எல்லாம் சொன்னேன். எழுதிக்கொண்டிருந்த அதிகாரி தலை நிமிர்ந்து கேட்டார்.

"அந்த நேரத்துல நீங்க எங்க இருந்தீங்க?"

"ஹால்ல வேலை பார்த்துக்கிட்டு இருந்தேன் சார். ஹெட்போன் போட்டிருந்தேன். எதுவும் கேட்கல."

அவர் பாவம் என்பதுபோல் பார்த்தார். எழுதிக்கொண்டார். கையெழுத்துப் போட்டேன். அண்ணனை அழைத்துப் போனார்கள், படம் பெட்டிக்குள் போனது. எனக்குத் தண்டனை குறையும் என்று வக்கீல் நம்பிக்கை சொன்னார். ஜாமீனில் வீட்டுக்கு வந்தேன்.

வந்ததும் தச்சரைக் கூப்பிட்டு வீட்டில் இருந்த எல்லாத் தாழ்ப்பாள்களையும் கழற்றச் சொன்னேன். குளியலறைக் கதவைக்கூட விடவில்லை. அவர் ஒரு மாதிரி பார்த்துவிட்டுக் கழற்றிக் கொடுத்தார்.

மறுநாள் மதியம் என் அறைக்கதவு திறக்கவில்லை.

தாழ்ப்பாளே இல்லாத கதவு. இழுத்தேன், உதைத்தேன். அசையவில்லை. பிறகு தானாகவே திறந்துகொண்டது. அதற்கடுத்த நாளும் அப்படியே. தச்சர் வந்து பார்த்துவிட்டு, கதவில் ஒரு குறையும் இல்லை என்றார். மூன்றாம் நாள் கடிகாரத்தை வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். பதினெட்டு நிமிடம். நான்காம் நாளும் பதினெட்டு.

அந்தக் கணக்கு எனக்குத் தெரியும். வேறு யாருக்கும் தெரியாது.

என் தொழிலே வேண்டாததை வெட்டுவது. வாக்குமூலத்திலும் ஒரு துண்டை வெட்டிவிட்டேன். இன்று கதவு மூடியதும் மடிக்கணினியைத் திறந்து இதை எழுத ஆரம்பித்தேன். வெட்டியதைச் சேர்த்துவிடுகிறேன். அன்று நான் ஹெட்போன் போட்டிருந்தேன், ஆனால் எனக்குக் கேட்டது. அண்ணி கதவைத் தட்டினாள். என் பெயரைச் சொல்லித் தட்டினாள். அண்ணன் தெருவுக்குப் போய்விட்டான், வீட்டில் நான் மட்டும்தான். எழுந்து ஏழெட்டு அடி நடந்தால் போதும். அவர்கள் சண்டையில் நமக்கென்ன என்று நினைத்தேன், கொஞ்சம் எரிச்சலும் இருந்தது. ஒலியைக் கூட்டி வைத்தேன். திரையின் ஓரத்தில் நேரம் ஓடிக்கொண்டிருந்தது, அதனால்தான் தெரியும். பதினெட்டு நிமிடம் தட்டினாள். மருந்து என் கைக்கு எட்டும் தூரத்தில் இருந்தது. என்னை மன்னித்துவிடு அண்ணி என்று கேட்கவும் எனக்கு வாயில்லை.

எழுதிவிட்டேன். ஒரு வரியும் வெட்டவில்லை.

இப்போது நாற்பத்தோரு நிமிடம் ஆகிறது. கதவு திறக்கவில்லை. உள்ளிருந்து தட்டிக்கொண்டே இருக்கிறேன்.

வீட்டில் என்னைத் தவிர யாரும் இல்லை. வெளியே ஹாலில், யாரோ ஒரு நாற்காலியை மெதுவாக இழுத்து வந்து, என் கதவுக்கு நேர் எதிரே போட்டு உட்காருகிறார்கள்.