மீதிக் காற்று

முள் இறங்கியிருந்தது.

சந்திரகலா விளக்குத் திரியைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றாள். நேற்று அந்தியில் அளவுமானியின் முள் பாதியைத் தாண்டி நின்றதைப் பார்த்திருந்தாள். இப்போது அது பாதிக்கு வெகு கீழே சிவப்புக் கோட்டை நோக்கிச் சாய்ந்திருந்தது. முந்தாநாளும் கொஞ்சம் இறங்கியதுபோலத் தோன்றியபோது தன் கண்ணைத்தான் சந்தேகப்பட்டாள். அறையில் ஊதுபத்தி, வாடிய சாமந்தி, அவற்றுக்கு அடியில் ஈர ரப்பரும் உப்பும் கலந்த ஒரு வாடை. சுவரில் அவள் கணவன் தியாகராஜனின் படம். படத்தின் கீழே நேற்றுப் படைத்த இட்டிலி தொடப்படாமல் காய்ந்து கிடந்தது. அதன் அருகில், அவன் கடைசியாக முதுகில் கட்டிக்கொண்டு கடலில் இறங்கிய காற்று டேங்க், தன் ரப்பர் குழாய்களோடும் அந்த அளவுமானியோடும் சுவரில் சாய்ந்திருந்தது.

அது 1989ஆம் ஆண்டு செப்டம்பர். மலேசியாவின் கிழக்குக் கரைத் தீவொன்றில் அவனோடு ஜோடியாக முக்குளித்தவன் ராதாகிருஷ்ணன், கிள்ளானில் முக்குளிப்புச் சாமான் கடை வைத்திருப்பவன். மேலே வந்தது அவன் மட்டும். "சுறா வந்துச்சு அண்ணி. பெருசு. இவன் பயந்து எங்கயோ போயிட்டான்" என்றான். மறுநாள் உடல் கிடைத்தது. ஒரு கீறல்கூட இல்லை. படகுத்துறையில் துணியை விலக்கியபோது தியாகராஜனின் கன்னமும் உதடும் ரோஜா நிறத்தில் சிவந்திருந்தன. உயிரோடு இருந்தபோதுகூட அவன் அவ்வளவு அழகாக இருந்ததில்லை. அந்த அழகுதான் அவளை உறுத்தியது.

அவள் குடியிருந்த பிரிக்பீல்ட்ஸில் எல்லோரும் சுறாவையே நம்பினார்கள். பக்கத்து வீட்டு இராஜம்மா மீன் வாங்குவதையே விட்டுவிட்டாள்.

"சுறாப்புட்டுன்னா எனக்கு உசுரு, கலா. இப்ப மீன் பாசார்ல அதப் பாத்தாலே திரும்பி வந்துர்றேன்லா."

"சுறா தின்ன மனுசன விட நீங்க தின்ன சுறாதான் ஜாஸ்தின்னு உங்கள அவரு கேலி பண்ணுவாரே அக்கா."

"பண்ணுவான். பாவி, அவனையே தின்னுருச்சே."

"தின்னலியே அக்கா. முழுசாத்தான வந்தாரு."

இராஜம்மா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

பவளப்பாறைகளில் சுறாவைப் பலமுறை பார்த்தவன் தியாகராஜன். மூச்சு விடும்போது கிளம்பும் குமிழிகளைக் கண்டே அவை திரும்பிப் போய்விடும் என்பான். முக்குளிப்பவனைக் கொல்வது பெரும்பாலும் அவசரமும் ஆழமும் கெட்ட காற்றும்தான் என்பான். ராதாகிருஷ்ணன் கடையின் பின்சந்தில், டேங்க்குகளில் காற்றடைக்கும் இயந்திரத்தை அவள் பார்த்திருக்கிறாள். அது வெளிக்காற்றை உறிஞ்சும் குழாய்க்கு நேர் எதிரே, மீன் லோரிகள் எஞ்சினை நிறுத்தாமல் நாளெல்லாம் புகை கக்கிக்கொண்டு நிற்கும்.

டேங்க்கைப் படகுத்துறையிலேயே எடுத்துக்கொள்ளப் பார்த்தான் ராதாகிருஷ்ணன். இறந்தவர் சாமான் என்று போலீஸ்காரர் அவளிடம் கொடுத்துவிட்டார். எஞ்சின் புகை கலந்த காற்றை இழுத்துச் செத்தால் உடம்பு அப்படி ரோஜா நிறத்தில் சிவக்கும் என்று சொன்ன பெட்டாலிங் ஜெயா ஆய்வுக்கூடம் ஒன்று, திங்கட்கிழமை அந்தக் காற்றைச் சோதித்துச் சொல்ல ஒப்புக்கொண்டிருந்தது. அதுவரை உள்ளே கொஞ்சமாவது காற்று இருக்க வேண்டும். அது போனால் அவளிடம் வேறு ஒன்றுமே இல்லை.

கசிகிறதோ என்று, சமையல் காஸ் அடைத்த தோம்புக்குச் செய்வதுபோல மூட்டுகளில் சவர்க்கார நுரையைத் தடவிப் பார்த்தாள். ஒரு குமிழிகூட எழவில்லை. டேங்க்கின் திருகை இறுக மூடியிருந்தாள். இப்போது அது திறந்திருந்தது. உடலை எடுத்த அன்று வாசல் சாவி ராதாகிருஷ்ணனிடம் இருந்தது நினைவுக்கு வந்தது. அன்றைக்கே கிரில் கதவுக்குப் புதுப் பூட்டு வாங்கினாள்.

மறுநாள் முள் சிவப்புக் கோட்டைத் தொட்டிருந்தது. பூட்டு பூட்டியபடியே இருந்தது.

அப்போதுதான் இன்னொன்று உறைத்தது. காலையில் பார்க்கும்போதும் மத்தியானம் பார்க்கும்போதும் முள் அசையாமல் நின்றது. இறங்குவது அந்தியில் மட்டும். பதினாறாம் நாள் வரைக்கும் படையல் வைத்து, இறந்தவர் வந்து சாப்பிட்டுப் போகட்டும் என்று கதவைச் சாத்திவிட்டு எல்லோரும் வெளியே இருக்கும் அந்தக் கொஞ்ச நேரத்தில் மட்டும்.

சாப்பாட்டை யாரும் தொடவில்லை.

அந்த எண்ணத்தை அவள் அதற்கு மேல் ஓடவிடவில்லை. ஜன்னல் கொக்கியைச் சரிபார்த்தாள். மனிதர்களைச் சந்தேகிப்பது சுலபமாக இருந்தது.

ஞாயிறு அந்தியில் நல்ல மழை. இலை போட்டுக் கதவைச் சாத்திவிட்டு அவள் கூடத்துக்கு வந்தபோது கிரிலுக்கு வெளியே ராதாகிருஷ்ணன் நனைந்துகொண்டு நின்றான். திறந்துவிட்டாள்.

"அந்த டேங்க் கடையோடது அண்ணி. நாளைக்கு ஒரு குரூப் போகுது, வேணும்."

"உங்க கடையில வேற டேங்க் இல்லியா?"

"வீட்டுல வைக்கிற சாமானா அது? வெடிச்சிருச்சுன்னா?"

"திங்கக்கிழமைக்கு மேல எடுத்துக்குங்க."

"திங்கக்கிழமை என்னா?"

அவள் கண் சாத்திய அறைக் கதவுக்குப் போய்த் திரும்பியது. அவன் அவள் முகத்தையே பார்த்தான். பிறகு மெதுவாகச் செருப்பைக் கழற்றினான்.

"சரி. அவன் படத்துக்கு முன்னால கொஞ்சம் நின்னுட்டுப் போறேன்."

"இப்ப தொறக்கக் கூடாது. படையல் வச்சுச் சாத்தியிருக்கு."

"நான் என்னா வெளியாளா? அவனோட ஜோடி அண்ணி" என்றபடி உள்ளே நுழைந்து கதவைச் சாத்திக்கொண்டான். தாழ்ப்பாள் விழுந்தது.

உடனே, உலையில் ஆவி பீறிடுவதுபோல ஒரு சீற்றம். காற்றைத் திறந்துவிடுகிறான்! அவள் ஓடிப்போய்க் கதவைத் தள்ளினாள். அசையவில்லை.

சீற்றம் நின்றது.

தீர்ந்து அடங்கியதல்ல. யாரோ மூடியதுபோல, சட்டென்று.

மழை. தண்டவாளத்தில் தொலைவில் ஒரு ரயில். அதற்குப் பிறகு உள்ளேயிருந்து மூச்சு. ரப்பர் வழியாக இழுக்கும் மூச்சு, விடும் மூச்சு. தியாகராஜன் இந்த அறையில் உட்கார்ந்து பழகும்போது கேட்ட அதே சத்தம். டேங்க்கில் தொங்கும் இரண்டாவது வாய்க்குழாயை, அந்த மஞ்சள் குழாயைக் காட்டி அவன் சொன்னது ஞாபகம் வந்தது. "இது ஜோடிக்கு. ஒருத்தனுக்குக் காத்து தீந்தா ரெண்டு பேரும் ஒரே டேங்க்ல இழுக்கணும். ஒருத்தன் சட்டைய ஒருத்தன் புடிச்சிக்கணும். மேல வர்ற வரைக்கும் விடவே கூடாது." தண்ணீருக்குள் பேச முடியாது, டேங்க்கைத் தட்டித்தான் கூப்பிடுவோம் என்றும் சொல்லியிருந்தான்.

ஒரு மூச்சு முடிவதற்குள் இன்னொன்று தொடங்கியது.

இரண்டு.

"ராதா" என்று கூப்பிட்டாள். படையல் அறையைத் தட்டிவிட்டுத்தான் திறக்க வேண்டும். அவள் கை தானாக எழுந்தது. மூன்று முறை தட்டினாள்.

உள்ளே இரும்பில் மூன்று தட்டு.

மூச்சுகள் நின்றன. தாழ்ப்பாள் மெல்ல நகர்ந்தது. கதவு திறந்தது. கதவருகில் யாரும் இல்லை.

விளக்கு எரிந்துகொண்டிருந்தது. இலையில் சோறு அப்படியே. முள் பூஜ்யத்தில். ராதாகிருஷ்ணன் படத்தின் கீழே சம்மணமிட்டு உட்கார்ந்திருந்தான், வாய்க்குழாயைப் பற்களால் கடித்தபடி. கண் திறந்திருந்தது, இமைக்கவில்லை. கன்னமும் உதடும் ரோஜா நிறத்தில் சிவந்திருந்தன. அவ்வளவு அழகாக.

மஞ்சள் குழாய் கீழே தொங்கவில்லை. அவனுக்கு நேர் எதிரே, உட்கார்ந்திருக்கும் ஒருவன் வாய் உயரத்தில், அந்தரத்தில் நின்றது. அதன் நுனியிலிருந்து உப்புத் தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. ராதாகிருஷ்ணனின் சட்டை மார்பில் ஒரு பிடி அளவுக்குச் சுருங்கி, நனைந்து, முன்னால் இழுபட்டிருந்தது.

பிடி இன்னும் விடவில்லை.