சேலை வேலி

முதலமடையில் நாலு ஏக்கர் மாந்தோப்பை வாங்கி, அதிலிருந்த ஓட்டு வீட்டில் குடியேறிய அன்று தனபாலுக்குக் கால் தரையில் பாவவில்லை. மனைவி செல்வப்பிரியாவுக்கு ஆறு மாதம். இரண்டு முறை கலைந்து, மூன்றாவதாகத் தங்கிய பிள்ளை. அவள் நல்ல காற்றில் இருக்கட்டும் என்றுதான் கோயமுத்தூர் வீட்டை விற்றுவிட்டு வந்தான்.

முதல் வாரம் அவளுக்குத் திருவிழாதான். கிணற்று மேட்டில் மயில், கூரையில் மரநாய், வரப்பில் முள்ளம்பன்றி உதிர்த்த முள். எதைக் கண்டாலும் "ஏனுங்க, இங்க வாங்க!" என்று கூப்பிடுவாள். தனபாலுக்கோ காட்டுப்பன்றிதான் தலைவலி. சொட்டுநீர்க் குழாயையெல்லாம் கிளறிப் போட்டிருந்தது. பத்திரம் யார் பேரில் இருக்கிறது என்று பன்றிக்குத் தெரியுமா?

அந்தப் பக்கத்தில் பன்றிக்குப் பழஞ்சேலைதான் மருந்து. தோப்பைச் சுற்றிக் கட்டிவிட்டால் உள்ளே வராது. பரணில் ஒரு மூங்கில் பெட்டி நிறையச் சேலைகள் இருந்தன. தோப்பை விற்ற அப்புசாமி விட்டுப்போனவை. முந்தியில் மஞ்சள் தடவியிருந்தது, உடுத்திய அடையாளமே இல்லை. ஓசியில் கிடைத்ததே என்று நான்கு பக்கமும் கட்டி முடித்தான். வேலியில் போன ஓணானை எடுத்து மடியில் விட்டுக்கொண்ட கதைதான்.

மறுநாள் பன்றி வரவில்லை.

மயிலும் வரவில்லை.

மூன்றாம் நாள் தோப்பில் ஒரு குருவிச் சத்தம்கூட இல்லை. காற்றே அசையாத உச்சி வெயிலில், சேலைகள் மட்டும் உள்பக்கமாக உப்பின. அரைத்த மஞ்சளின் வாசனை அடுப்படி வரை வந்தது. இருப்புக் கொள்ளாமல் தனபால் வேலியோரம் போனான்.

வெளியே பத்துப் பன்னிரண்டு பன்றிகள், குட்டிகளோடு, பட்டப்பகலில் நின்றன. ஒன்றுகூட மண்ணைக் கிளறவில்லை.

எல்லாம் வீட்டையே பார்த்துக்கொண்டிருந்தன.

பக்கத்துத் தோப்புப் பூவாத்தாள் வழியோடு வந்தவர், சேலையைத் தொடாமல் நின்று பார்த்தார்.

"ஏனுங்க தம்பி, இது பரண் பெட்டிச் சேலைங்களா?"

"ஆமாங்க."

அவர் குரல் இறங்கியது. "அது அப்புசாமி சம்சாரத்துக்குப் படைச்சதுங்க. வயித்துப் புள்ளையோட போனவ. வருசத்துக்கு ஒரு சேலை வெச்சுக் கும்புட்டு, பரண்லயே அடக்கி வெச்சிருந்தாங்க. நீங்க நாலு ஏக்கராவையும் அவளுக்கு வளைச்சுக் குடுத்துட்டீங்களே!"

"இப்ப என்னங்க பண்றது?"

"மொதல்ல புள்ளத்தாச்சிய வெளிய கூட்டிட்டுப் போங்க."

அவன் ஓடினான். செல்வப்பிரியா பின்கதவருகே நின்று, சிரித்தபடி தலையாட்டிக்கொண்டிருந்தாள். எதிரே யாருமில்லை.

"யாருகிட்டக் கண்ணு பேசற?"

"எத்தன மாசம்னு கேட்டாங்க."

வீட்டைப் பூட்டக்கூட நிற்காமல் அவளைக் காரில் ஏற்றினான். கொல்லங்கோட்டு ஆஸ்பத்திரியில் ஸ்கேன் எடுத்துப் பார்த்தார்கள். பிள்ளை நன்றாக இருக்கிறது, ஒரு குறையும் இல்லை என்றார் டாக்டர். தனபால் வெட்கப்படாமல் அழுதான்.

பொழுது சாய்கிற நேரத்தில் அவள் அம்மா வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தார்கள். வாசலோரம், அவள் கையாலேயே தண்ணீர் குடித்து வளர்ந்த பசு, கன்றுக்குப் பால் கொடுத்துக்கொண்டிருந்தது. கழுத்தைத் தடவ அவள் கையை நீட்டினாள்.

பசு அவள் முகத்தைப் பார்க்கவில்லை. வயிற்றைப் பார்த்தது.

மடியை முட்டிக்கொண்டிருந்த கன்றை அப்படியே விட்டுவிட்டு, கயிற்றை அறுத்துக்கொண்டு ஓடியது.