என் முறையைக் குடித்தவன்

வலது விலாவுக்குக் கீழே குத்திக்கொண்டே இருந்தது. கை நடுக்கத்தில் பையின் முடிச்சை அவிழ்க்கவே நேரம் பிடித்தது. நீக்ரோஸ் தீவில் கரும்பு வெட்ட வருகிறவர்கள் தங்கும் பழைய தகரக் கொட்டகை. ஐந்து வருடமாக நான் படுக்கிற அதே மூலை. பக்கத்துப் பலகை காலி. போன பருவம் அதில் படுத்திருந்த பிலோ ரத்தம் கக்கிச் செத்துப்போனான்.

குடித்துச் செத்தான். அதில் பாதி என் குடி.

எங்களுக்குள் ஒரே கிளாஸ்தான் சுற்றும். முறை வந்தால் குடித்தே ஆக வேண்டும். முடியாதவனுக்காக இன்னொருத்தன் குடிக்கலாம். என் தலை தொங்கும்போதெல்லாம் "இவனோடத நான் குடிக்கிறேன்" என்று பிலோதான் பிடுங்கிக்கொள்வான்.

முப்பது நாள் தொடாமல் இருந்தால் மகள் ஐசாவோடு திரும்பி வருவதாக என் மனைவி மெர்லின்டா சொல்லியிருந்தாள். ஒரு சொட்டு பட்டாலும் வரமாட்டாள்.

முதல் சாயங்காலமே சிசோ மானோங் ஊற்றினார். கூட்டத்தில் மூத்தவர், அதனால் எங்களுக்கெல்லாம் மானோங், அதாவது அண்ணன்; பாட்டில் எப்போதும் அவர் கையில்.

"எனக்கு வேணாம் மானோங்."

"ஏன் தம்பி, பாதிரியாராப் போறியா? பாவமன்னிப்பு நாளைக்குக் கேட்டுக்கலாம், இப்ப குடி."

எல்லோரும் சிரித்தார்கள். ரம் வாடைக்கு வாய் ஊறியது. முகத்தைக் கரும்புக்காட்டுப் பக்கம் திருப்பிக்கொண்டேன்.

திரும்பிப் பார்த்தபோது என் முன்னால் வைத்திருந்த கிளாஸ் காலி.

மறுநாளும் அப்படித்தான். சிரிப்பு நின்றது.

"நீ கையே வைக்கல. நான் பாத்துக்கிட்டே இருந்தேன்," என்றார் மானோங், தணிந்த குரலில். "யாரோ உனக்காகக் குடிக்கிறாங்க."

எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. நடுக்கம் குறைந்தது. சோறு இறங்கியது. இருபது நாள் ஓடியது.

பிறகு இருமல் கேட்க ஆரம்பித்தது.

என் முதுகுக்குப் பின்னால். ஒவ்வொரு கிளாஸ் காலியானதும்.

பிலோவின் ஈர இருமல். கூடவே ரத்த வாடை.

செத்தும் அவன் குடல் வெந்துகொண்டிருந்தது.

"ஊத்தாதீங்க மானோங்."

"ஊத்தலன்னா பாட்டில்லயே குறையுது. நேத்துப் பாத்தேன்." அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை. "உன்னோடத நீயே குடிச்சாத்தான் அவன் விடுவான் போல."

முப்பதாம் நாள். வெயில் இன்னும் கரும்பு நுனியில் இருந்தது. கிளாஸை நானே எடுத்தேன். அவனுக்காக என்று சொல்லிக்கொண்டேன். அவனுக்காகவா நாக்கு அப்படி ஊறியது?

உதட்டில் வைத்தேன்.

மணிக்கட்டை ஒரு கை பிடித்தது.

ஈரமாக, சில்லென்று. வெட்டுக்கத்தி பிடித்துப் பிடித்துக் காய்த்த கை.

"விடுடா பிலோ. போதும்டா. செத்துட்டடா நீ."

பிடி இறுகியது. உதட்டில் இருக்கும்போதே கிளாஸ் வற்றியது. ஒரு சொட்டுகூட உள்ளே போகவில்லை.

பின்னால் அவன் வெகுநேரம் இருமினான்.

காலையில் பஸ் வந்து நின்றது. மெர்லின்டா இறங்குவதற்குள் ஐசா குதித்து ஓடிவந்து என் கழுத்தைக் கட்டிக்கொண்டாள்.

"அம்மா! அப்பா நாறவே இல்லம்மா!"

அவளைத் தூக்கிக்கொண்டு நிமிர்ந்தேன். கொட்டகை வாசலில், காய்ந்த மண்ணில், கருஞ்சிவப்பாக ஒரு துளி விழுந்தது. பக்கத்தில் இன்னொன்று. அங்கே யாரும் இல்லை.

பிலோ எனக்காகக் குடித்த கிளாஸ் அத்தனையும் என் கடன். ஒன்றைக்கூட நான் இன்னும் தீர்க்கவில்லை.